நெருக்கடி நேர மட்டையாட்டத்தை மதிப்பிடுதல்

ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கக்கூடிய சூழலில் ஒரு மட்டையாளர் எவ்வளவு பங்களித்தார் என்பதை, அவரது பொதுவான சராசரியிலிருந்து பிரித்து அளப்பதே நெருக்கடி நேர மட்டையாட்ட மதிப்பீடு. பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் ‘தளங்களில் ஆள் நிற்கும்போது இவர் எப்படி அடிக்கிறார்?’ என்று கேட்பார்கள். கிரிக்கெட்டில் அதே கேள்வி ‘துரத்தும்போது, கடைசி ஓவர்களில் இவர் எப்படி?’ என்று வரும். இரண்டு ஆட்டங்களிலும் சிக்கல் ஒன்றுதான். முன்னால் ஆடியவர்கள் விட்டுச் சென்ற நிலை எவ்வளவு, இவர் செய்தது எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் சொல்லப்படும் தீர்ப்பால் ஆட்டக்காரர்கள் அணியில் இடம் பெற்றிருக்கிறார்கள். இடம் இழந்தும் இருக்கிறார்கள்.

கொழும்பு, 18 மார்ச் 2018

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நிதாஹஸ் கோப்பை இறுதி ஆட்டம், கொழும்பு பிரேமதாச அரங்கம். வங்கதேசம் 166 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இந்தியாவுக்குக் கடைசி 3 ஓவர்களில் 35 ஓட்டங்கள் தேவைப்பட்டன. 18ஆவது ஓவரை முஸ்தபிசுர் ரகுமான் வீசினார். எதிரில் தமிழ்நாட்டு வீரர் விஜய் சங்கர். நான்கு பந்துகளில் மட்டையில் எதுவும் படவில்லை. ஐந்தாவது பந்தில் காலில் பட்டு ஓர் உதிரி ஓட்டம் வந்தது. ஆறாவது பந்தில் மணீஷ் பாண்டே ஆட்டமிழந்தார். தேவை 12 பந்துகளில் 34 ஆகிவிட்டது.

அப்போது இறங்கியவர் தினேஷ் கார்த்திக், அவரும் தமிழ்நாட்டு வீரர். ரூபல் உசேன் வீசிய 19ஆவது ஓவரில் 6, 4, 6, 0, 2, 4 என்று 22 ஓட்டங்கள் எடுத்தார். கடைசி ஓவரில் 12 தேவை. பகுதி நேரப் பந்துவீச்சாளரான சௌம்யா சர்க்கார் வீசினார். ஒரு பந்து மீதமிருக்கையில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டன. கார்த்திக் அந்தப் பந்தை எக்ஸ்ட்ரா கவர் திசையில் தட்டையாக சிக்சருக்கு அனுப்பினார். 8 பந்துகளில் 29. விஜய் சங்கர் 19 பந்துகளில் 17.

மறுநாள் நாடெங்கும் தீர்ப்பு தயாராக இருந்தது. ஒருவர் நெருக்கடியில் நிற்கத் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். ஆனால் அந்தக் கடைசி ஓவரை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால் சில செய்திகள் கிடைக்கின்றன. 3 பந்துகளில் 9 தேவை என்ற நிலையில் நான்கு ஓட்டம் அடித்து, இலக்கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தவர் விஜய் சங்கர்தான். அடுத்த பந்தைத் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார். பந்து காற்றில் இருக்கும்போதே இரு மட்டையாளர்களும் ஒருவரையொருவர் கடந்துவிட்டதால், கடைசிப் பந்தைச் சந்திக்கும் வாய்ப்பு கார்த்திக்குக்கு வந்தது. இந்த விதி 2022 அக்டோபரில் மாற்றப்பட்டது. இன்றைய விதிப்படி, பிடி கொடுத்து ஒருவர் ஆட்டமிழந்தால், கடந்திருந்தாலும் புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். அதாவது அந்தக் கடைசிப் பந்து, அப்போதுதான் களமிறங்கிய 18 வயது வாஷிங்டன் சுந்தருக்குப் போயிருக்கும். அட்டவணையில் அவர் ஒரு பந்தும் சந்திக்காமல் ஆட்டமிழக்காதவராக நிற்கிறார். அவரும் சென்னைக்காரர்.

கார்த்திக்கின் ஆட்டம் இதனால் ஒரு துளியும் குறையாது. ஆனால் ‘என்ன நடந்தது’ என்பதும் ‘யார் எப்படிப்பட்டவர்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். இந்த வேறுபாட்டை ஏறத்தாழ நூறாண்டுகளாக எண்களால் பிரித்துப் பார்க்க முயன்றுவரும் ஆட்டம் அடிபந்தாட்டம்.

அடிபந்தாட்டத்தில் கேள்வி எப்படி எழுகிறது

அடிபந்தாட்டத்தில் மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று ஓடி, தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். ஒரே மூச்சில் திரும்ப வேண்டியதில்லை. முதல் தளத்தில் நின்றுகொண்டு, அடுத்தவர் அடிக்கும்போது முன்னேறலாம். ஒரு சுற்றில் மூன்று பேர் ஆட்டமிழந்தால் தளங்களில் நிற்பவர்கள் நின்றபடியே வீணாகிவிடுவார்கள். ஆகவே ஒருவர் அடிக்கும் அடியின் மதிப்பு, அந்த நொடியில் எந்தெந்தத் தளத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இதற்கென்று பிறந்த பழைய கணக்கு ஆர்.பி.ஐ. ஒரு மட்டையாளர் அடித்ததால் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற எண்ணிக்கை அது. 1920 முதல் அமெரிக்காவின் முதன்மைப் போட்டிகளில் அதிகாரப்பூர்வமாகக் குறிக்கப்படுகிறது. 1930இல் ஹேக் வில்சன் எடுத்த 191தான் இன்றுவரை ஒரு பருவத்தின் உச்சம். அதிலும் ஒன்று எழுத்துப் பிழையால் விடுபட்டுப்போய், 1999இல்தான் சேர்க்கப்பட்டது.

ஆர்.பி.ஐ.யின் குறை என்ன என்பது போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. சில வார இடைவெளியில் சுற்றுச் சுற்றாகத்தான் எடுப்பார்கள். சிலமலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஜீப்பில் மலையேறிப் போகும் இருவரில், ஒருவருக்குப் பழுத்து நிற்கும் வரிசையும் மற்றவருக்குப் போன வாரம் எடுத்து முடித்த வரிசையும் கிடைத்தால், மாலையில் சாக்கை எடை போட்டுக் கைத்திறனைச் சொல்ல முடியுமா? ஆர்.பி.ஐ. அந்தச் சாக்கின் எடைதான். வரிசையை யார் கொடுத்தது என்று அது கேட்பதில்லை.

1990இல் சான் டியேகோ அணியின் ஜோ கார்ட்டர் 115 ஆர்.பி.ஐ. எடுத்தார். அந்த ஆண்டு அவரது அடிச் சராசரி 0.232 மட்டுமே, அதாவது சுமாருக்கும் கீழே. அவருக்கு முன்னால் டோனி க்வின், ராபர்ட்டோ அலோமார் போன்றவர்கள் ஆடியதால், அவர் வரும்போதெல்லாம் தளங்களில் ஆள் நின்றார்கள். மறுபுறம் 2004இல் பாரி பாண்ட்ஸ். அவரை அடிக்கவிடவே எதிரணிகள் பயந்தன. வேண்டுமென்றே பந்தை விலக்கி எறிந்து, 120 முறை அவரை முதல் தளத்துக்கு இலவசமாக அனுப்பின. அந்த ஆண்டு அவரது ஆர்.பி.ஐ. 101. கார்ட்டரைவிடக் குறைவு! இரண்டு பருவங்களையும் அருகருகே வைத்தால் பாண்ட்ஸைவிட கார்ட்டரைத் தேர்ந்தெடுக்க ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

24 நிலைகளின் அட்டவணை

இதற்கு மாற்று வழியைத் தெளிவாக முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் லிண்ட்சி. கனடாவின் பாதுகாப்புத் துறையில் செயல்முறை ஆய்வாளராக இருந்தவர். அவரது தந்தை ஓய்வுக்காலத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வானொலியில் கேட்டும் தொலைக்காட்சியில் பார்த்தும் நிலை மாற்றங்களைக் குறித்துக் கொடுத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு மகன் 1963இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

கருத்து எளிமையானது. மூன்று தளங்களிலும் ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆக 8 வகைகள். ஆட்டமிழந்தவர்கள் 0, 1 அல்லது 2 பேர்; ஆக 3 வகைகள். மொத்தம் 24 நிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்தச் சுற்று முடிவதற்குள் சராசரியாக இன்னும் எத்தனை ஓட்டங்கள் வருகின்றன என்று பழைய ஆட்டங்களிலிருந்து கணக்கிடலாம். அண்மைப் பத்தாண்டுகளின் அமெரிக்க ஆட்டங்களில் இந்த எண்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: தளங்கள் காலி, ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை என்றால் 0.5, முதல் தளத்தில் ஒருவர் நின்றால் 0.9, மூன்று தளங்களும் நிரம்பி ஒருவரும் ஆட்டமிழக்காவிட்டால் 2.3. அதே நிரம்பிய தளங்களில் இருவர் ஆட்டமிழந்திருந்தால் வெறும் 0.75.

இப்போது மட்டையாளருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் தெளிவாகிறது. அவர் வந்தபோது இருந்த எதிர்பார்ப்பு, அவர் போனபோது இருக்கும் எதிர்பார்ப்பு, இடையில் வந்த ஓட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட வேண்டும். மூன்றாம் தளத்தில் ஆள், ஒருவர் ஆட்டமிழந்திருக்கிறார்; எதிர்பார்ப்பு சுமார் 0.95. மட்டையாளர் தொலைவாக உயர்த்தி அடித்துப் பிடி கொடுக்கிறார், ஆனால் அதற்குள் தளத்தில் நின்றவர் வீடு திரும்பிவிட்டார். கிடைத்தது 1 ஓட்டம், மீதி எதிர்பார்ப்பு 0.1. ஆக இவர் கூட்டியது 0.15. அதே நிலையில் பந்தைத் தொடாமலே ஆட்டமிழந்தால் எதிர்பார்ப்பு 0.37க்கு இறங்குகிறது. இழப்பு 0.58. இரண்டும் ‘ஆட்டமிழப்பு’ என்ற ஒரே பெட்டியில் போகக்கூடியவை. இடைவெளியோ முக்கால் ஓட்டத்துக்கு அருகில்.

சுற்றின் தொடக்கத்தில் பொறுமையாக நின்று, எதையும் அடிக்காமல் முதல் தளத்துக்கு நடந்து போகிறவருக்கு ஆர்.பி.ஐ. பூஜ்யம். இந்த அட்டவணை அவருக்கு 0.4 தருகிறது. கார்ட்டர் போன்றவர்கள் அறுவடை செய்த வரிசையை நட்டவர்கள் இவர்களே.

இதிலும் ஒரு போதாமை உண்டு. 10 ஓட்டம் முன்னிலையில் இருக்கும்போது அடித்ததும், கடைசிச் சுற்றில் சமநிலையில் அடித்ததும் ஒரே மதிப்பு பெறும். அதனால் ஓட்டங்களுக்குப் பதில் வெற்றி வாய்ப்பு எத்தனை விழுக்காடு மாறியது என்று கணக்கிடும் முறையும் வந்தது. கதையைச் சொல்ல அதுவே சிறந்தது. அடுத்த ஆண்டைக் கணிக்க அது உதவுமா என்பது தனிக்கேள்வி.

நெருக்கடித் திறன் என்று ஒன்று உண்டா?

1977இல் டிக் கிரேமர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். 1969ஆம் ஆண்டில் முக்கியத் தருணங்களில் எதிர்பார்த்ததைவிட நன்றாக அடித்தவர்கள், 1970இலும் அப்படியே அடித்தார்களா என்று பார்த்தார். முதல் ஆண்டின் பட்டியல் இரண்டாம் ஆண்டைப் பற்றி ஏறத்தாழ எதையும் சொல்லவில்லை. திறன் என்றால் அது திரும்ப வர வேண்டும். வரவில்லை என்பதால், நெருக்கடி நாயகர்கள் என்று தனியே ஓர் இனம் இல்லை என்று அவர் முடிவு செய்தார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே காட்டலாம். ஒரு மட்டையாளரின் உண்மையான அடித்திறன் 0.270 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் அல்லது மூன்றாம் தளத்தில் ஆள் நிற்கும் வாய்ப்புகள் ஒரு பருவத்தில் அவருக்கு 150 கிடைக்கின்றன. 0.27ஐ 0.73ஆல் பெருக்கி, 150ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.036 வருகிறது. திறன் சிறிதும் மாறாமலேயே, தற்செயல் ஒன்றினாலேயே அவரது எண் 0.234க்கும் 0.306க்கும் இடையில் ஊசலாடலாம். மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரர்கள் இந்த எல்லைக்கும் வெளியே போவார்கள். 0.306 எடுத்தவரைப் பத்திரிகைகள் இரும்பு மனிதர் என்று கொண்டாடும். 0.234 எடுத்தவருக்கு மனநல ஆலோசனை சொல்லும். இருவரும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம், வெவ்வேறு ஆண்டுகளில்.

தனி ஆளுக்கு மட்டுமன்றி முழு அணிக்கும் இது பொருந்தும். 2013இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி பொதுவாக 0.269 அடித்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆள் நின்றபோது 0.330. அப்படி ஓர் எண்ணைக் கண்டவர்கள் அந்த அணிக்கு ஏதோ இரகசியம் தெரியும் என்றார்கள். அடுத்த ஆண்டே அது 0.250ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

ஆனாலும் கிரேமரின் முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அடிபந்தாட்டப் புள்ளியியலின் முன்னோடியான பில் ஜேம்ஸ், நீண்ட காலம் அதே கருத்தில் இருந்துவிட்டு, 2004இல் தன்னைத் திருத்திக்கொண்டார். பனிமூட்டத்தில் எதிரே ஆள் தெரியவில்லை என்றால் ஆள் இல்லை என்று பொருளல்ல. மூட்டம் அடர்த்தி என்றும் பொருள்படலாம் என்பது அவர் வாதம். போடிமெட்டுச் சாலையில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் பல ஆண்டுகளின் தரவைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், அப்படியொரு திறன் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்ற இடத்துக்கு வந்தார்கள். நெருக்கடியில் ‘சிறந்தவர்’ என்று பெயரெடுத்த சுமாரான மட்டையாளரைவிட, பொதுவாகவே நல்ல மட்டையாளரை அனுப்புவது மேல் என்பதே நடைமுறையில் அதன் பொருள்.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. முதல் தளத்தில் ஆள் நிற்கும்போது அங்குள்ள தடுப்பாளர் தளத்தை விட்டு நகர முடியாது. அதனால் களத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. எறிபவரும் முழு வீச்சோடு எறிய முடியாமல் சுருக்கமான அசைவில் எறிகிறார். ஆகவே எல்லாருமே அந்த நேரத்தில் சற்று நன்றாக அடிப்பார்கள். ஒருவரை அவரது சொந்தச் சராசரியோடு ஒப்பிட்டு ‘ஆள் நின்றால் இவர் எழுந்துவிடுகிறார்’ என்பது தவறு. அதே நிலையில் மற்றவர்கள் எப்படி அடித்தார்கள் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

கிரிக்கெட்டுக்கு வரும்போது

கிரிக்கெட்டில் தளத்தில் ஆள் இல்லை. ஆனால் மட்டையாளர் இறங்கும்போது அவர் கையில் ஒரு நிலை தரப்படுகிறது: மீதமுள்ள பந்துகள், மீதமுள்ள விக்கெட்டுகள், தேவைப்படும் ஓட்டங்கள். மழை ஆட்டங்களுக்கான டக்வொர்த்-லூயிஸ் முறை 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஓவரும் விக்கெட்டும் சேர்ந்ததே ஓர் அணியின் ‘வளம்’ என்று அது எடுத்துக்கொள்கிறது. லிண்ட்சியின் 24 நிலைகளுக்கு உறவுக்காரன் என்றே இதைச் சொல்லலாம். கேரளத்துப் பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறையும் இதே வேலையைச் செய்கிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பயன்பட்டது அதுவே. 2019இல் கிரிக்இன்ஃபோ தளம் சென்னை ஐ.ஐ.டி.யுடன் இணைந்து ‘சூப்பர்ஸ்டாட்ஸ்’ என்ற அளவீடுகளை வெளியிட்டது. ஆட்டச் சூழலையும் அழுத்தத்தையும் கணக்கில் எடுத்து ஓட்டங்களுக்கு மதிப்பு தருவது அதில் ஒரு பகுதி. அதிர்ஷ்டத்தை எண்ணாக்க முயல்வது இன்னொரு பகுதி.

இருந்தும் தொலைக்காட்சியில் அதிகம் காட்டப்படுவது ‘வெற்றி பெற்ற துரத்தல்களில் சராசரி’. ஒரு நாள் ஆட்டங்களில் தோனிக்கு இது 100க்கு மேல். அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த எண் அதற்குச் சான்றாகாது. ஆட்டம் தோற்ற நாள்களை முதலிலேயே நீக்கிவிட்டு மிச்சத்தில் சராசரி பார்த்தால், யாருடைய எண்ணும் உயரும். துரத்தி வென்ற ஆட்டங்களில் இறுதியில் நிற்பவர்கள் ஆட்டமிழக்காமல் நிற்பதால், வகுக்கும் எண்ணும் சிறுத்துவிடுகிறது. எல்லாத் துரத்தல்களையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

ஊர் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு

தொலைக்காட்சியும் கணினியும் இல்லாத டென்னிஸ் பந்துப் போட்டியிலும் இதைச் செய்யலாம். ஓட்டம் எழுதுபவர், ஒவ்வொரு மட்டையாளரும் இறங்கும்போது மூன்று எண்களைக் கூடுதலாகக் குறித்தால் போதும்: தேவையான ஓட்டம், மீதிப் பந்து, கையில் உள்ள விக்கெட். அவர் வெளியேறும்போது அதே மூன்றை மீண்டும் குறிக்க வேண்டும்.

கொழும்பு ஆட்டத்திலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். கார்த்திக் இறங்கியபோது ஒரு பந்துக்குத் தேவை 34ஐ 12ஆல் வகுத்தால் 2.83. அவர் சந்தித்த 8 பந்துகளுக்கு 22.7 வர வேண்டும், 29 எடுத்தார். கூடுதல் 6.3. விஜய் சங்கர் 18ஆவது ஓவரில் 5 பந்துகள் சந்தித்தார். ஒரு பந்துக்குத் தேவை 1.94 என்பதால் 9.7 வந்திருக்க வேண்டும். மட்டையிலிருந்து எதுவும் வரவில்லை. கடைசி ஓவரில் அவர் சந்தித்த 4 பந்துகளுக்கு 8 வேண்டும்; வந்தது 5.

கணக்கு தீர்ப்பை உறுதி செய்வதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் அவர் திணறியது முஸ்தபிசுரின் ஓவரில் என்பதையும் கார்த்திக் ஒரு பந்துகூட முஸ்தபிசுரிடம் சந்திக்கவில்லை என்பதையும் நோட்டில் பக்கத்திலேயே எழுத வேண்டும். கார்த்திக் தரப்பிலும் ஒன்று எழுத வேண்டும். பந்துக்கு 2.83 என்பது தேவையே தவிர, சாதாரணமாக யாரும் எடுக்கும் வேகமல்ல. அந்த நிலையில் வழக்கமாக மற்றவர்கள் எடுப்பதோடு ஒப்பிட்டால் அவரது கூடுதல் 6.3ஐவிட அதிகமாகவே இருக்கும்.

ஓர் ஊர் அணியில் ஆறாவதாக இறங்குபவருக்கு இத்தகைய நெருக்கடி ஒரு பருவத்தில் நான்கைந்து முறை வரலாம். 150 வாய்ப்புகளிலேயே எண் அவ்வளவு ஊசலாடுகிறது என்றால், ஐந்தில் மூன்று முறை தவறவிட்ட பையனைப் பற்றி அந்த ஐந்து எதுவும் சொல்லாது. அவன் மற்ற நேரங்களில் எப்படி ஆடுகிறான், வலைப்பயிற்சியில் வேகப்பந்தை எப்படிச் சந்திக்கிறான் என்பதே அதிகம் சொல்லும்.

அதன் பிறகு

கொழும்புக்கு ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 5 அன்று நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 11 ஓட்டங்கள் தேவைப்பட்டன. பந்து விஜய் சங்கரிடம் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் அந்த ஆட்டத்தில் அவர் வீசியது ஒரே ஓவர். முதல் பந்தில் ஸ்டாய்னிஸையும் மூன்றாவது பந்தில் சாம்பாவையும் வீழ்த்தினார். இந்தியா 8 ஓட்டங்களில் வென்றது. ஆஸ்திரேலியாவின் தேவை 11, அவர் விட்டுக்கொடுத்தது 2.

கார்த்திக் 2022 ஐ.பி.எல். போட்டியில் பெங்களூர் அணிக்காக 330 ஓட்டங்களை 100 பந்துகளுக்கு 183 என்ற வேகத்தில் எடுத்து, 37 வயதில் இருபது ஓவர் உலகக் கோப்பை அணிக்குத் திரும்பினார். அங்கே மூன்று இன்னிங்ஸில் அவர் எடுத்தது மொத்தம் 14. அந்த மூன்றிலும் அவர் சந்தித்தவை 22 பந்துகள்.